குழாய் முனையில் மூச்சு

லாயத்தின் பலகைச் சுவரில் இடி விழுந்தாற்போல ஓர் உதை. இன்னொன்று விழுந்தபோது பலகையே பிளந்தது.

கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஓய்வறையில் பீன்ஸ் சில்லிக் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த மாணவி டெஸ், தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே சீனியர் மாணவி மாரிட்டும் ஓடிவந்தாள்.

பிஸ்கட் என்ற பழுப்புக் குதிரை வயிற்று வலியில் புரண்டுகொண்டிருந்தது. கம்பிக்கு வெளியே அதன் சொந்தக்காரர் வெர்ன் ஹாஸ், பள்ளி பஸ் ஓட்டுபவர், தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

டாக்டர் புரூயிட் ஆபரேஷன் அறையிலிருந்து போனில் கத்தினார்: "காலையிலேயே பார்த்துட்டேன், குடல் அடைப்புதான். மயக்க ஊசி போட்டு, மூக்கு வழியா குழாய் விட்டு எண்ணெய் ஊத்துங்க. மாரிட், உனக்குச் சொல்லணுமா?"

மாரிட்டுக்குச் சொல்ல வேண்டாம்தான். ஆனால், அவள் இரட்டைப் பட்டக்காரி. இரண்டு வருஷம் மருத்துவம் படித்துவிட்டு, நடுவில் நாலு வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் சுண்டெலிகளோடு கிடந்து முனைவர் பட்டம் வாங்கி, போன மாதம்தான் மருத்துவத்தை முடிக்கத் திரும்பியிருந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் டாக்டர்களாகிப் போய்விட்டார்கள். இப்போது கூட இருப்பவர்களுக்கு அவள் 'எலி டாக்டர்'.

அதே பாதையில் இப்போதே இறங்குவதா, மருத்துவத்தை முடித்துவிட்டு இறங்குவதா என்பதுதான் டெஸ்ஸின் கவலை. இப்போதே என்றால் செவ்வாய்க்கிழமை நேர்காணல். தேர்வுக் குழுவில் மாணவர் பிரதிநிதி யார்? இதே மாரிட்தான்.

"நெப்ராஸ்கா பண்ணைக்காரி! குதிரையோடவே வளர்ந்தவதானே? தலையைப் பிடி" என்றாள் மாரிட்.

"பிடிச்சுட்டேன். உங்க எலிங்க மாதிரி உள்ளங்கையில அடங்காது, பார்த்து."

"நேர்காணல்ல இதுக்கு மார்க் கழிப்பேன்டி."

இருவரும் சிரித்தார்கள். மயக்க ஊசி ஏறியதும் எழுந்து நின்ற குதிரையின் தலை தொங்கியது. மாரிட் மூக்குத் துவாரத்தில் குழாயைச் செருகித் தள்ளினாள். குழாயின் மறுமுனை டெஸ்ஸின் கையில் இருந்தது.

குழாய் இரைப்பைக்குப் போனால் கழுத்தின் இடப்பக்கம் தோலுக்கடியில் மேடு நகர்வது தெரியும். டெஸ் பார்த்தாள். மேடு நகரவில்லை. குழாய் முனையிலிருந்து வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் பட்டது. குதிரையின் விலா எலும்புகள் இறங்கும்போதெல்லாம் பட்டது. அது வயிற்றுக் காற்றில்லை, மூச்சு. நுரையீரலுக்குப் போகும் வழியில் நின்றிருந்தது குழாய். விழித்திருக்கும் குதிரையாக இருந்தால் இருமியே காட்டிக்கொடுத்திருக்கும்.

மாரிட் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ம்?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என்னைவிட எவ்வளவோ சீனியர். செவ்வாய்க்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவள். ஒருவேளை எனக்குத்தான் தப்பாகப் பட்டதோ?

டெஸ் சரியென்று தலையாட்டினாள்.

மாரிட் புனலைத் தூக்கி எண்ணெயை ஊற்றினாள்.

பாதி இறங்கியதுமே குதிரை விதிர்விதிர்த்தது. மூக்கிலிருந்து எண்ணெயும் நுரையும் பீறிட்டன. மாரிட் குழாயை உருவி எறிந்துவிட்டு அலறிய அலறலில் புரூயிட் ரத்தக் கையுறையோடு ஓடிவந்தார். நுரையீரலுக்குள் போன எண்ணெயை எடுக்க அவராலும் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் பிஸ்கட்டுக்குக் கடைசி ஊசி போட்டார்கள்.

"குழாயை விட்டது நான். தப்பு என்னோடது" என்று மாரிட் வெர்னிடம் சொன்னாள். வெர்ன் கடிவாளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, குதிரையை ஏற்றி வந்த காலி வண்டியைத் தன் வண்டிக்குப் பின்னால் மாட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். புரூயிட் மட்டும், "நாலு வருஷம் எலியைப் பிடிச்ச கை" என்று முணுமுணுத்தார். டெஸ் பக்கத்திலேயே நின்றாள். வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நேர்காணல் அறை வாசலில் மாரிட் தனியாக நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"குழுவில இருந்து என்னை எடுத்துட்டாங்க. நீ உள்ள போ" என்றாள்.

"நான் போகல, மாரிட். முதல்ல மருத்துவத்தை முடிச்சுடறேன். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்." டெஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நடுவில நாலு வருஷம் விட்டா, உங்களுக்கு ஆன மாதிரி... என் கையும் மறந்துடும்."



"என் கை மறக்கல, டெஸ். குழாய் சரியாப் போகலைன்னு அது அப்பவே சொல்லுச்சு. குதிரையோடவே வளர்ந்தவ நீ தலையாட்டினியேன்னுதான் ஊத்தினேன்."