முப்பத்தெட்டு வினாடி

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போனை எடுப்பவர் கூப்பிட்டவரின் எண்ணைத் தட்டினால், முகவரியும் பழைய நோயும் திரையில் வரவேண்டும். வந்தன, முப்பத்தெட்டு வினாடி கழித்து. மூச்சுத் திணறுகிறவருக்கு அது ஒரு யுகம். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் திரையைத் தூக்கிவிட்டுத் தாளுக்கே திரும்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

மென்பொருளை எழுதியவன் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பட்டியல் இருக்குமே, அதைப் போலத் தேடலுக்கு இண்டெக்ஸ் போடுவார்கள். முதல் நாளே ஒன்று போட்டிருந்தான். இப்போது அதை ஏழாக்கினான். முப்பத்தெட்டு அசையவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்து மேசை அக்காவைக் கூப்பிட்டான். அவருக்கு ஆமை என்று பெயர் வைத்தவனே இவன்தான்.

அக்கா எதையும் தொடாமல் ஒன்றுதான் கேட்டார். "பிளான் பாத்தியா?"

எந்த வழியில் தேடப்போகிறேன் என்று, பதிவுகளை வைத்திருக்கும் டேட்டாபேஸே எழுதிக் காட்டும் குறிப்புதான் பிளான். அவன் பார்த்ததில்லை. இருந்தது ஆறே வரி. அக்கா பத்து நிமிடம் படித்தார். அவனுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பழமொழி சொன்னவர் அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

"நாப்பது லட்சம் பதிவையும் ஒண்ணு விடாம படிக்குது. ஏழு இண்டெக்ஸ்ல ஒண்ணக்கூடத் தொடல. சேமிச்ச ஒவ்வொரு நம்பர்லயும் இடைவெளிய எடுத்துட்டு ஒப்பிடச் சொல்லியிருக்க. அப்படி மாத்தின நம்பர் இண்டெக்ஸ்ல ஏதுப்பா?"

அவசரத்தில் எண்ணை இடைவெளி விட்டுத் தட்டுகிறார்களே என்று இரக்கப்பட்டு அவன் சேர்த்த வரி அது. சேமித்த எண்களில் இடைவெளியே கிடையாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான். இடைவெளி எடுக்கும் அந்த வேலையை அக்கா தட்டுகிற எண்ணுக்கு மட்டும் மாற்றினார். முதல் நாள் போட்ட இண்டெக்ஸே போதுமாயிருந்தது. கண் இமைப்பதற்குள் முகவரி வந்தது. அவனுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மேலாளர் வந்து தானே நாலு எண்ணைத் தட்டிப் பார்த்தார். திரை இருக்கட்டும் என்றார். பிறகு அவன் தோளைத் தட்டி, எப்படிப்பா பிடிச்சே என்று கேட்டார். அக்கா தன் மேசைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணினது நான் சார். பிடிச்சது அவங்க. டேட்டாபேஸ் என்ன பண்ணுதுன்னு அவங்க படிச்சாங்க. நான் ஒரு தடவைகூடப் படிக்கல."

மற்ற ஆறு இண்டெக்ஸையும் அவனே உட்கார்ந்து நீக்கினான், ஒவ்வொன்றாக, நிதானமாக.