வாய் பொத்திய கை

மீன் வாடை அடித்த அந்த உள்ளங்கை இன்னும் வாயை விட்டு இறங்கவில்லை, இருபத்தெட்டு வருஷமாயிற்று, இன்றைக்குத் திருச்சபை ஆயர் ஆந்திமுஸின் கைதான் இன்னொருத்தன் வாயைப் பொத்தியிருக்கிறது, மற்றக் கை அவன் தலைமேல், நிக்காந்தர், கிரேக்கப் பள்ளியில் வடிவியல் சொல்லித்தரும் வாத்தியார், தங்கள் ஆயரைப் பறிகொடுத்த இந்தத் துறைமுக ஊர்ச்சனம் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவந்து பீடத்தின் முன்னால் போட்டிருக்கிறது, படிச்சவன், ஆளுநர்கிட்டப் பேசத் தெரிஞ்சவன், இவனுக்கே ஆயர் பட்டம் கட்டுங்க என்று ஒரே கூச்சல், கையை எடுத்துடாதீங்க சாமி, வேண்டாம்னு கிறிஸ்து மேல ஆணையிட்டுட்டான்னா அப்புறம் கட்ட முடியாது என்று பூசைக்கு உதவி நிற்கும் திருத்தொண்டர் காதோரம் கிசுகிசுக்கிறார், அடப்பாவி, எனக்கா சொல்லித்தருகிறாய், என்னையும் இப்படித்தானே தூக்கிவந்தார்கள், அப்போது ஆந்திமுஸ் பேச்சுக்கலை வாத்தியார், அரை நாள் மூச்சுவிடாமல் பேசுவார், அந்த வாயை ஒரு மீனவன் பொத்தினான், வீட்டில் மனைவி கலிஸ்தா பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள், ஆயரானவன் பெண்டாட்டியோடு ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது, வாயைப் பொத்திட்டாங்க கலிஸ்தா, நான் என்ன செய்வேன் என்று அவர் அழ, உங்க வாயையா என்று மட்டும் கேட்டாள், பருப்பை இறக்கி வைத்தாள், மறுநாள் அண்ணன் ஊருக்குப் படகேறினாள், அங்கேயே கண்ணை மூடினாள், சேதி வந்தபோது இவர் பிரசங்கத்தில் இருந்தார், பாதியில் நிறுத்தவில்லை.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு, ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை, அந்த மீனவன் தும்மினான், கை நழுவியது, ஒரு மூச்சு நேரம் வாய் திறந்தே கிடந்தது, மாட்டேன் என்று ஒரு சொல் போதும், எதிரே ஆயிரம் கண்கள், காலியான ஆயர் நாற்காலி, ஐயோ, அந்த நாற்காலி எவ்வளவு அழகாக இருந்தது, வாயை மூடிக்கொண்டு கை திரும்பி வரக் காத்திருந்தார்.

உள்ளங்கையில் நிக்காந்தரின் சூடான மூச்சு, பல், எச்சில், வாசலில் அவன் மனைவி, நிறைமாசம், அவரை விட்டுடுங்க சாமி, அவரை விட்டுடுங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறாள், கலிஸ்தா கத்தவில்லை, கத்தியிருக்கலாம், ஆந்திமுஸ் கையை எடுக்கிறார், முழுக்க எடுக்கக்கூட இல்லை, விரலிடுக்கிலேயே வெடித்து வருகிறது, கிறிஸ்து மேல் ஆணை, மாட்டேன்.

கெட்டது குடி என்று சனம் தலையில் அடித்துக்கொள்கிறது, நிக்காந்தர் ஒரு செருப்போடு வாசலுக்கு ஓடுகிறான், ஐயையோ, கை நழுவிடுச்சா சாமி என்கிறார் திருத்தொண்டர், இல்லப்பா, எடுத்தேன், அன்னைக்குத்தான் நழுவுச்சு என்கிறார் ஆயர், அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை, இவ்வளவு நேரம்தானா, ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம்தானா என்று ஆந்திமுஸ் முனகியபடி ஈரம் காயாத அந்தக் கையைத் தன் வாய்மேல் வைத்து அழுத்திக்கொள்கிறார், மோந்து பார்க்கிறார், மீன் வாடையே இல்லை, அவருடைய கைதான்.