ஈயம் சுமந்த வண்டி

அன்ரோனெற் அந்த வண்டியை முதலில் கட்டியது, மிதிவெடி கிடக்கும் வீடுகளுக்குள் அனுப்பிப் பார்ப்பதற்காக. அரிப்பு என்ற கரையோர ஊரில் பிறந்து பொறியியல் படித்தவள், மன்னாரில் வெடி அகற்றும் நிறுவனமொன்றில் வேலை செய்தாள். பழைய சக்கரக் கதிரையின் மோட்டர்கள், அரிசி ஆலையில் கழித்த பெல்ற், முன்னால் ஒரு கமராவும் விளக்கும். முழங்கால் உயரம்தான் இருக்கும்.

அதைப் பார்த்து ஆசைப்பட்டவர் இராமலிங்கம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்காரர். மன்னார்த் தீவின் தாராபுரத்தில் எண்ணெய்த் தாங்கி செய்யும் பட்டறையில், இரும்பு ஒட்டுகளுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் பிடித்துப் பார்ப்பது அவர் தொழில். பென்சில் முனையளவு கதிர்வீசும் இரிடியம் ஒரு கனத்த பெட்டிக்குள் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் குழாய் வழியாக வெளியே போகும். படம் எடுத்ததும் எதிர்ப்பக்கம் சுற்றி உள்ளே இழுத்துவிட வேண்டும்.

"ஒரு நாளைக்கு அது வெளியிலேயே மாட்டிக்கிச்சுன்னா மனுசன் கிட்ட போக ஏலாதும்மா. உங்க வண்டி போகும்ல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு வண்டி வேறு வண்டியாயிற்று. கதிர்வீச்சு மீற்றரைக் கமராவுக்கு முன்னே பொருத்தினாள். முதுகில் ஒரு தட்டு, அதில் சிறு ஈயக் குண்டுகள் நிரப்பிய பை. இரிடியத்தின் மேல் அதைக் கொட்டிவிட்டால் கதிர் பெருமளவு அடங்கும். ஆனால் தட்டை உயர்த்தும்போதெல்லாம் பாரம் தாங்காமல் வண்டியே குப்புற விழுந்தது. ரிமோற்றும் வைக்க முடியவில்லை. அதே ரிமோற்றால் கண்ணிவெடியையும் வெடிக்க வைக்கலாம் என்று ஆமி மறித்துவிட்டது. ஆகவே நீண்ட கேபிள்.

சமாதானம் முறிந்து சண்டை திரும்பிய ஆவணி மாதம். கடைசித் தாங்கியையும் முடித்துவிட்டு ஊர் மாறலாம் என்று இராமலிங்கம் நினைத்திருந்தார். மத்தியானம் இரிடியத்தை வெளியே விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது முதல் ஷெல் றோட்டில் விழுந்தது. ஆட்கள் நெருங்காதபடி கட்டிய எல்லைக் கயிற்றடியில் காவல் நின்ற உதவியாள் தோமஸ் பதறிப்போய், கண்ணில் பட்ட பட்டறைக்குள்ளேயே ஓடினான். அடுத்த ஷெல் கூரையை அவன் மேல் இறக்கியது. வாசலுக்கு வெளியே கைப்பிடியடியில் நின்று தூக்கி எறியப்பட்ட இராமலிங்கம் எழும்பி ஒற்றைக் கையால் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். குழாய் நசுங்கியிருந்தது. இரிடியம் திரும்பவில்லை.

ஷெல்லடி ஓய்ந்து, இராமலிங்கத்தின் அழைப்புக் கேட்டு அன்ரோனெற் வண்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, தோமஸின் அண்ணன் யோசேப் கல் கிளப்பும் அலவாங்கோடு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். இராமலிங்கம் முறிந்த கையோடு குறுக்கே நின்றார்.

"என்ர தம்பி உள்ளுக்குக் கத்துறான், கேக்கேல்லையோ? விடு வழியை!"

"உள்ள எந்த இடத்துல கிடக்குன்னு தெரியாதுங்க. பக்கத்துல நின்னு கல்லு பொறுக்கினீங்கன்னா, இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் கை அழுகும்."

"கண்ணுக்குத் தெரியாத சாமானுக்குப் பயந்து உயிரோட கிடக்கிறவனை விடுறதோ?"

அன்ரோனெற் இருவருக்கும் நடுவில் வந்தாள். யோசேப் கேட்டதில் பிழையில்லை.

"அண்ணை, இந்த வண்டி முதல் போகட்டும். எந்தப் பக்கத்தால கல்லைக் கிண்டலாமெண்டு காட்டும். பிறகு நானும் உங்களோட வாறன்," என்றாள். யோசேப் அலவாங்கை ஊன்றி நின்றான்.

சென்றிக் காவலரணிலிருந்து வந்த ஆமி அதிகாரி கேபிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ரிமோற் இல்லையென்று கண்டு, போகலாம் எனத் தலையசைத்தார்.

வண்டி வாசலுக்குள் நுழைந்தது. தகரம், ஓடு, முறிந்த கூரைத் தீராந்தி. கொஞ்சத் தூரத்தில் அன்ரோனெற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டித் திரையில் வெள்ளைப் புள்ளிகள் தூவின. கமராவைக் கதிர் தாக்குகிறது. மீற்றர் முள் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. நசுங்கிய குழாய் வாசலுக்கு உட்புறமாகவே கிடந்தது, யோசேப் முதற்கல்லைத் தூக்கியிருக்கக்கூடிய இடத்தில்.

விளக்கைத் திருப்பினாள். பின்சுவரோடு தோமஸின் தோள் தெரிந்தது. அவனுக்கும் குழாய்க்கும் நடுவில் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டி.

"கடவுளே, தண்ணி நடுவுல நிக்குது. அதுதான் அவனைக் காப்பாத்துது. பின்சுவரை உடைக்கலாம்," என்று இராமலிங்கம் இன்னொரு மீற்றரோடு பின்னால் ஓடினார். போன வேகத்திலேயே அவர் குரல் வந்தது. "அம்மா! முள்ளு ஏறுது!"

அன்ரோனெற் திரையை உற்றுப் பார்த்தாள். தரை ஈரம். தொட்டி வெடித்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி வெறுமையாகிவிட்டால் தோமஸுக்கு மட்டுமல்ல, சுவரை உடைக்கப் போகிறவர்களுக்கும் மறைப்பு இராது.

ஈயத்தைக் கொட்டவேண்டும். வண்டியைக் குழாயின் அருகே நேராக்க முயன்றாள். அசையவில்லை. கேபிள் தீராந்தியில் மாட்டிக்கொண்டது. பின்னுக்கும் வராது, திரும்பவும் மாட்டாது. குழாய்க்கும் வண்டிக்கும் ஒரு முழம் இடைவெளி. அங்கிருந்து கொட்டினால் பை வெறும் தரையில்தான் விழும்.

ஆனால் வண்டி விழுந்தால் எட்டும்.

மாதக்கணக்காக எதை நிறுத்தப் பாடுபட்டாளோ, அதையே இப்போது செய்யவேண்டும். விழுந்த வண்டி இனி எழும்பாது, எதையும் காட்டாது. தவறிப்போனால் இரண்டாவது முயற்சியில்லை. மோட்டர் இரண்டையும் முழு வேகத்தில் முன்னுக்கு முடுக்கி, அதே நொடியில் தட்டை உயர்த்தினாள். வண்டி மூக்குக் குத்தி, முதுகுப் பாரத்தோடு குழாய்ப் பக்கமாகக் குப்புறப் புரண்டது. திரை கறுத்தது. வெள்ளைப் புள்ளிகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன.

"இராமலிங்கமண்ணை! முள்ளு?"

பின்பக்கம் காதைக் கொடுத்தாள். அவள் கை கட்டுப்பாட்டுப் பெட்டியைவிட்டு எடுபடவில்லை.

"இறங்குது... இறங்குதும்மா! உடையுங்க!"

யோசேப்பின் அலவாங்கு சுவரில் விழுந்த சத்தம் கேட்டது. அதிகாரியோடு வந்த இரண்டு ஆமிக்காரரும் துவக்கை முதுகில் கொழுவிக்கொண்டு கல் இழுத்தார்கள். இராமலிங்கம் மீற்றரைப் பார்த்து, ஒருவரும் அதிக நேரம் நிற்காதபடி ஆளை மாற்றி மாற்றி விட்டார். சொன்னபடி அன்ரோனெற்றும் தன் முறைக்குப் போய்க் கல் தூக்கினாள். தோமஸை வெளியே இழுத்தபோது அவன் கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் கிடந்தது.

கொழும்பிலிருந்து கதிர்வீச்சுப் பிரிவு ஆட்கள் வந்து இரிடியத்தைப் பெட்டியில் அடைத்தார்கள். வண்டியைத் திருப்பித் தரவில்லை. தோமஸின் இரத்தத்தைக் கிழமை தவறாமல் சோதித்தார்கள். அணுக்களின் எண்ணிக்கை விழுந்து, பிறகு மெல்ல ஏறியது. காலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்ரோனெற்றைக் கண்டதும் தோமஸ் எழும்பப் பார்த்தான்.

"படுங்கோ, படுங்கோ."

"அக்கா, ஒரு மோட்டர்ச் சத்தம் கிட்ட வந்தது. ஆரோ வருகினமெண்டு நினைச்சுக் கத்துறதை விட்டனான். பிறகு ஏதோ விழுந்த மாதிரிக் கேட்டுது, சத்தம் நிண்டுபோச்சு. அப்பதான் சரியாப் பயந்தனான்."

அன்ரோனெற் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் தோமஸ்," என்றாள். "நானும்தான்."