தலைமடையைக் காட்டிய கை

தண்ணீர் முதலில் பாயும் தலைமடை வயலைக் காட்ட நீட்டிய வீரணனின் வலது கை, பாகப்பிரிவினை முடிந்த பிறகும் கீழே இறங்கவில்லை. அது முப்பத்தொன்றாம் வருஷம் தை மாதம். உத்தமபாளையம் சந்தையில் நெல் விலை மட்டும் இறங்கியிருந்தது.

அண்ணன் பங்கு பிரித்தால் தம்பி முதலில் எடுப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். தம்பி பேச்சிமுத்து மரியாதைக்காக, "மொதல்ல அண்ணன் எடுத்துக்கிறட்டும்" என்றான். "இல்லப்பா, நீ எடு" என்று வீரணன் சொல்லியிருக்க வேண்டும். சபையே அதற்குத்தான் காத்திருந்தது. அவனோ தம்பி வாய் மூடுவதற்குள் கையை நீட்டிவிட்டான். யாரோ ஒருவர் இருமினார். பேச்சிமுத்து, தண்ணீர் கடைசியில் வந்து சேரும் கடைமடையை வாங்கிக்கொண்டு போனான்.

தேவாரம் ஊர் வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிப் பார்த்தார். கை அசையவில்லை. வீரணன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தானாகச் சுழன்று அந்த வயலையே காட்டியது. சந்தைக்குப் போனால் வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத் திசை தெரிந்துகொண்டார்கள். பந்தியில் மனைவி மொக்கம்மாள் ஊட்டிவிட, தலை குனிந்து தின்றான். கல்யாணம், கருமாதி எங்கே போனாலும் அவன் செய்த காரியம் அவனுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வயல் மட்டும் நன்றாக விளைந்தது.

மழை பொய்த்த ஒரு வருஷம் கடைமடைப் பயிர் கருகியது. வீரணன் தன் மடையை அடைத்துத் தண்ணீர் முழுவதையும் தம்பிக்கு விட்டுவிட்டு, வரப்பில் நின்று கையையே பார்த்தான். பேச்சிமுத்து வந்தான்.

"கைய இறக்கத்தானண்ணே தண்ணி விட்டீக?"

உண்மை அதுதான். வீரணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த வருஷம் மழைக்குக் குறையில்லை. அப்போதும் வீரணன், தம்பி வயல் நிறைந்த பிறகே தன் மடையைத் திறந்தான். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். கையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். அதுவும் இறங்கவில்லை. ஊரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டது.

உலகச் சண்டைக்காலத்தில், அரிசிக்குப் பங்கீடு வந்த வருஷம், நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்ற அண்ணனைக் கடந்து போன பேச்சிமுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த நீட்டிய கையில் போட்டான்.

"வெச்சிருங்கண்ணே, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினான்.