ஏழாவதாக நின்றது

1965-ஆம் வருஷம் பஞ்சாயத்து போர்டு தேர்தலன்று காலை எட்டரை மணிக்கு, செஞ்சி இரண்டாவது வார்டு வாக்குச்சாவடியில் வரிசையாக நின்றவர்கள்: புளி விற்கும் குஞ்சம்மாள், மாதா கோயிலில் மணியடிக்கும் தோமினிக், அவர் மனைவி அருளம்மாள், இட்லிக்கடை ராஜாம்பாள், ஆடு மேய்க்கும் பச்சமுத்து, வேட்பாளர் சின்னப்பொண்ணு, ஒரு நாட்டு வெடிகுண்டு, எதிர் வேட்பாளர் ஆதிமூலம். குண்டு ஏழாவதாக நின்றது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சின்னப்பொண்ணின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால், எதன்மேலும் படாமல் நின்றது. பனங்காய் அளவு இருக்கும். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அன்று வெள்ளரிப்பிஞ்சு மலிவு.

ஆதிமூலம் கோட்டை மலைப் பொந்துகளில் சாராயம் காய்ச்சியவர். மதுவிலக்கு இருந்த காலம் என்பதால் அவருக்குப் போட்டி இல்லை. தேர்தலிலும் இல்லை. 1960-இல் துரைக்கண்ணு என்ற வளையல் வியாபாரி மட்டும் அவரை எதிர்த்து மனுப் போட்டான். மூன்றாம் நாள் ராஜகிரி அடிவாரத்தில் பிணமாகக் கிடந்தான். கால் தவறியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அதே நாளிலிருந்து பச்சமுத்து பேசுவதை நிறுத்தினான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆடு மேய்ப்பவன் பேசாவிட்டால் ஊருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆதிமூலம் போட்டியின்றி ஜெயித்தார். ஐந்து வருஷம் கழித்து அதே வளையல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு துரைக்கண்ணுவின் மனைவி சின்னப்பொண்ணு தாலுக்கா ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். இவள் உயிரோடு இருந்தால் ஜெயிப்பாள் என்று ஊருக்குத் தெரியும். ஆதிமூலத்துக்கும் தெரியும்.

ஓட்டுச் சீட்டு என்று ஒரு துண்டுக் காகிதம் அப்போது வீடு வீடாக வரும். அதில் பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், வயது, வரிசை எண் இருக்கும். அது இல்லாமல் ஓட்டுப் போடக்கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் செஞ்சியில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். சாவடி அதிகாரியாக வந்த வாத்தியார் அடைக்கலராஜும் நம்பினார். விதிப்புத்தகத்தை அவர் பாதிக்கு மேல் படித்ததில்லை. ஆதிமூலமும் நம்பினார். அதனால் நாலு நாள் முன்பே அவருடைய ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சீட்டுகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். புளிப்பானைக்குள் ஒளித்த குஞ்சம்மாள் மாதிரி ஐந்து பேருடையது மட்டும் தப்பியது. பிடுங்கிய நூற்று அறுபத்து மூன்று சீட்டுகளை என்ன செய்வது என்று யோசித்தார்கள். குண்டு சுற்றுகிறவன், மேலே சுற்றக் காகிதம் போதவில்லை என்றான். அவனிடம் கொடுத்தார்கள்.

அடைக்கலராஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். "வரிசையில வா" என்று அவர் சொன்னால் வரிசையில் வருவதைத் தவிர வேறு வழியில்லை. வாத்துகள் வந்திருக்கின்றன. 1958-இல் பள்ளி மைதானத்தில் பெய்த மழை அவர் அதட்டியதும் ஒவ்வொரு சொட்டாகப் பெய்தது, நனைந்து முடிக்க மூன்று நாள் ஆனது. இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. வாத்தியார் குரல் அப்படி என்றார்கள்.

தேர்தலன்று காலை ஆதிமூலத்தின் ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து, சின்னப்பொண்ணைக் குறி பார்த்துக் குண்டை வீசினான். அடைக்கலராஜ் வாக்காளர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து முந்துகிறார்கள் என்று மட்டும் அவருக்குப் பட்டது. "வரிசையில வா" என்றார். குண்டு அந்தரத்தில் நின்றது. கொஞ்சம் பின்வாங்கி, சின்னப்பொண்ணுக்குப் பின்னால் ஒழுங்காக இடம் பிடித்தது. ஏன் சத்தம் கேட்கவில்லை என்று பார்க்க ஆதிமூலமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "யோவ் வாத்தியாரே, இன்னாய்யா இது?" என்றார். "வரிசையில வாங்க" என்றார் அடைக்கலராஜ். பெரிய மனிதர் என்பதால் மரியாதை சேர்த்தார். ஆதிமூலம் எட்டாவதாகப் போய் நின்றார். காலை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. குண்டு கீழே விழுந்தால் முதலில் போவது தன் கால்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு கையையும் அதற்கு அடியில் ஏந்திக்கொண்டார்.

"பத்திரமாப் புடி நைனா, ஒடைஞ்சிடப் போவுது" என்றாள் ராஜாம்பாள்.

"வாய மூடு."

"நான் மூடிக்கிறேன். அத மூட முடியுமா பாரு."

வரிசை ஓரடி நகர்ந்தது. குண்டும் ஓரடி நகர்ந்தது. ஏந்திய கையோடு ஆதிமூலமும் நகர்ந்தார். செய்தி கடைத்தெருவுக்குப் போய்ச் சேர கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சீட்டில்லாததால் வீட்டில் முடங்கிக் கிடந்த வார்டு முழுவதும், ஆதிமூலம் குண்டுக்குக் கை ஏந்தி நிற்பதை வேடிக்கை பார்க்க ஓடி வந்தது. யாரும் ஓட்டுப் போட வரவில்லை. வந்தவர்களிடம் அடைக்கலராஜ் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னார். ஒன்பது மணிக்கு வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டது. மேல்மலையனூர் பஸ் ஆள் ஏற்ற வழியில்லாமல், அதுவும் வால் பக்கம் போய் நின்றது.

முதல் ஐந்து பேர் போட்டுவிட்டு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சின்னப்பொண்ணின் முறை வந்தது. சீட்டு எங்கே என்று அடைக்கலராஜ் கேட்டார். "வூட்ல பூந்து புடுங்கினு பூட்டாங்க சார்" என்றாள். சீட்டில்லாமல் முடியாது, தள்ளி நில், அடுத்தது என்றார். அடுத்தது குண்டு. அது மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. அடைக்கலராஜ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதன் மேல்காகிதத்தைப் படித்தார். "சின்னப்பொண்ணு, கணவர் துரைக்கண்ணு, வயது முப்பத்து நாலு, பெண்." குண்டை மேலும் கீழும் பார்த்தார். "நீ பெண்ணா?" என்று கேட்டார்.

"சார், அது என் சீட்டு!" என்றாள் சின்னப்பொண்ணு.

"கொடுத்துடு" என்றார் அடைக்கலராஜ், ஒன்றாம் வகுப்பில் பிறர் பலப்பத்தை எடுத்தவனிடம் சொல்வதுபோல. குண்டின் சணல் தானாகத் தளர்ந்தது. சீட்டு உரிந்து அவள் கையில் விழுந்தது. கிழியக்கூட இல்லை. விரலில் மை வைத்துக்கொண்டு அவள் உள்ளே போய் முத்திரை குத்திவிட்டு வந்தாள். அடுத்த சுற்றில் இன்னொரு பெயர். வாசலில் யாரோ "நான்தான் சார்" என்று கையைத் தூக்கினார்கள். இப்படி வார்டு முழுவதும் வந்து, குண்டிலிருந்து அவரவர் பெயரை உரித்துக்கொண்டு, ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தது. பனங்காய் தேங்காயானது, தேங்காய் எலுமிச்சையானது. சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போட்டதில் நாலு முத்திரை கோட்டில் விழுந்து செல்லாமல் போயின. ஆதிமூலம் மட்டும் ஏந்திய கையை இறக்கவில்லை.

நாலு மணிக்குக் கடைசிச் சீட்டு மிஞ்சியது. அடைக்கலராஜ் உரக்கப் படித்தார். "துரைக்கண்ணு, வயது நாற்பது." இறந்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சிரிப்பு நின்றது. அவர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார், அது விதி.

"அவன் வரமாட்டான் சார்" என்றது புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல். யாருக்கும் அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை. ஐந்து வருஷம் கழித்துப் பேசினால் அப்படித்தான். பச்சமுத்து எழுந்து வந்தான். "ராஜகிரி மேலேர்ந்து புடிச்சித் தள்ளினாங்க. நான் ஆட்டோட பாறைக்குப் பின்னால இருந்தேன். தள்ளினது தோ, கைய ஏந்தினு நிக்கிறாரே, அவருதான்."

கடைசிச் சீட்டைச் சின்னப்பொண்ணு வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவில்லை. குண்டில் மீதியிருந்த ஒரு பிடி ஆணியும் கண்ணாடித் தூளும் மஞ்சள் மருந்தும் ஆதிமூலத்தின் கையில் சத்தமில்லாமல் கொட்டின. காவலுக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டர் ரங்கநாதன், இந்த ஊரில் சாட்சி சொல்ல யார் வருவார்கள் என்று கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்வியோடு எல்லாம் முடிந்துவிடும். அடைக்கலராஜ் வாசலைக் காட்டினார். ஓட்டுப் போட்டவர்கள் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. வரிசை அப்படியே திரும்பி, போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை நின்றது. அதில் முதல் ஆள் பச்சமுத்து.

சின்னப்பொண்ணு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாள். வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. பச்சமுத்து மட்டும் நாலு நாள் சாட்சி சொன்னான், ஐந்து வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. குண்டு எப்படி அந்தரத்தில் நிற்கும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். ஜட்ஜ் அதைத் தள்ளிவிட்டு, எத்தனையாவதாக நின்றது என்று கேட்டார். ஏழாவது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். எழுதிக்கொண்டார். குண்டு நின்ற இடத்தில் இன்றும் மூன்றடி உயரத்தில் பறக்கும் தும்பி கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1967-இல் ஆதிமூலத்தைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டு போனார்கள். வாசலில் புதிதாக வந்த கைதிகள் ஏழு பேர் நின்றிருந்தார்கள். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே போய் ஏழாவது ஆளுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டார். முறை வந்ததும் உள்ளே போனார். வார்டர் கதவைச் சாத்திப் பூட்டினான்.