அடக்கமான மருமகள்

கண்ணாத்தாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வெற்றிலைபாக்கோடும் வார்டுக்குள் நுழைந்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறாளாம்.

"நர்சம்மா, ஒங்க கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும். எம் மருமகளை மனுசியாக்கிக் குடுத்துட்டீங்க. பாருங்க, தலை நிமிரலை, ஒரு பேச்சுப் பேசலை. குடும்பத்துப் பொண்ணுன்னா இப்பிடில்ல இருக்கணும்!"

கட்டிலில் முனியாயி, காலையில் நான் உட்கார வைத்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். ஊட்டிய கஞ்சியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்ததில் உதட்டோரம் மறுபடி வழிந்தது. அதில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. விரட்ட அவள் கை எழவில்லை. நான்தான் விரட்டித் துடைத்துவிட்டேன்.

திருமயத்தில் டாக்டர் ஞானமணி நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. மதராஸில் மனநோயாளிகளைக் கவனிக்கப் பழகிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முனியாயியைக் கொண்டுவந்தபோது அவள் வேறு ஆள். தூக்கம் கிடையாது. ஓயாத பாட்டு, சிரிப்பு. விதைநெல்லை வாரி வழிப்போக்கர்களுக்குக் கொடுத்திருக்கிறாள். ரோட்டில் பஸ்ஸை மறித்து டிரைவருக்கு மாலை போட்டிருக்கிறாள். வீட்டார் மாட்டுக்கொட்டகையில் கட்டிப்போட்டிருந்தார்கள். கயிறு அறுத்த மணிக்கட்டில் புழு வைத்திருந்தது. ஒவ்வொன்றாக நான்தான் எடுத்தேன். அப்போது வராத குமட்டல் இந்த வாழைப்பழச் சீப்பைப் பார்த்ததும் வந்தது.

"இவளுக்கு இன்னும் குணமாகலைங்க" என்றேன். "அந்த ஆட்டமும் நோய்தான், இந்த மௌனமும் அதே நோய்தான். அதைவிட இதுதான் ஆபத்து. மனசு முழுக்கத் துக்கம். கிணத்துப் பக்கம் தனியா விட்டா இவ உசுரு மிஞ்சாது."

"அட போங்க. சும்மா கெடக்கிறவளுக்கு என்னங்க நோயி? வியாழக்கெழமை எம் மக செவந்திக்குப் பரிசம் போட வர்றாங்க. மூத்த மருமக சபையில இல்லாட்டி நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்."

முனியாயியின் புருஷன் மலையாண்டி வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். "ஆத்தா சொல்றதுதானுங்க" என்றான். அந்த ஆளிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

புருஷன் வந்து கேட்கும்போது எப்படி நிறுத்துவது என்று டாக்டர் கையைப் பிசைந்தார். அப்படியானால் நானும் கூடப் போகிறேன், சாயங்காலம் என்னோடு அவள் திரும்பிவிட வேண்டும் என்றேன். கண்ணாத்தாள் உடனே தலையாட்டினாள். "வந்தவங்ககிட்ட நீங்க எங்களுக்கு டவுன் சொந்தம்னு சொல்லிக்கிறேன்" என்று சிரிப்பு வேறு.

வியாழக்கிழமை பந்தலில் முனியாயிக்குப் பட்டுச்சேலை கட்டி, மணிக்கட்டுத் தழும்பு தெரியாமல் வளையலாக அடுக்கி, கையில் தாம்பாளத்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டிருந்தால் தாம்பாளம் கீழே கிடந்திருக்கும். பந்தலுக்குப் பின்னால் பத்தடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. என் கண் அதைவிட்டு நகரவில்லை.

சடங்கு பாதியில் இருக்கும்போதே கண்ணாத்தாள் என் காதருகே வந்தாள். "இனிமே இவ இங்கிட்டே இருக்கட்டும் நர்சம்மா. நீங்க மட்டும் சாப்ட்டுட்டுக் கெளம்புங்க."

நான் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் தாயார் சின்னப்பிள்ளை எழுந்து வந்தாள். முனியாயியின் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். விட்டதும் தலை தானாகத் தொங்கியது.

"அடேயப்பா, என்ன அடக்கம்! வாயி இருக்குதான்னே தெரியலையே. எங்க வீட்டுக்கு வர்றவளும் இதே மாதிரி இருக்கணுங்க. செவந்தியை இப்பிடியே பழக்கி அனுப்புங்க."

"ஐயையோ!" என்றாள் கண்ணாத்தாள். யோசிக்காமல் வந்துவிட்டது. "எம் புள்ளைக்கு எதுக்குங்க அந்தக் கதி? அவ சிரிச்சுப் பேசிக்கிட்டு நல்லா இருக்கட்டும்!"

இந்த அம்மாள் தெரியாமல் செய்கிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரியாதவர்களுக்கு நூறு தரம் எடுத்துச் சொல்லலாம். இவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மருமகளுக்கு வந்தா அடக்கம், மகளுக்கு வந்தாக் கதியா?" என்று சபை கேட்கவே கேட்டேன். தாம்பாளத்தை வாங்கி மலையாண்டியின் கையில் திணித்தேன். "இவளுக்குச் சீக்கு. நான் இவளைப் பாத்துக்கிற நர்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்தால் என்ன சீக்கு என்று சம்பந்தி வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டுமே! செவந்திதான் மணையிலிருந்து எழுந்து வந்து அண்ணியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் வரைக்கும் நானும் வாரேன்" என்றாள். வரும் வழியெல்லாம் முனியாயியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு எங்களுக்கு அதே வேலைதான். ஊட்டுவது, விழுங்கினாளா என்று வாயைத் திறந்து பார்ப்பது, குளிப்பாட்டுவது, கொல்லைக்குப் போனாலும் கூடவே போவது, பதில் வராது என்று தெரிந்தே பேசிக்கொண்டிருப்பது. கண்ணாத்தாள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. ஒரு நாள் காலையில் முனியாயி தன் கையாலேயே முகத்திலிருந்து ஈயை விரட்டினாள். நான் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

பேச்சு வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

"அன்னைக்குப் பந்தல்ல எல்லாம் கேட்டுச்சு நர்சம்மா" என்றாள்.

"எது?"

"அத்தை 'அந்தக் கதி'ன்னாங்களே. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. வாயைத்தான் தெறக்க முடியலை."

சொல்லிவிட்டு இப்போது சிரித்தாள். நோய்ச் சிரிப்பில்லை. அளவான, சாதாரணப் பெண்பிள்ளைச் சிரிப்பு. எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படத்தான் ஆசை. ஆனால் என் கண் வாசலுக்குப் போனது. கண்ணாத்தாள் மட்டும் இதைக் கேட்டால், மறுபடியும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கயிறு தேடுவாள்.