பேசக்கூடாதவரின் வாத்து

1

இந்தக் கதை கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பூச்சி மருந்து வாங்கப் போயிருந்தேன். (எனக்குச் சொந்தமாகப் பூனைகூடக் கிடையாது. அது கதைக்குத் தேவையில்லை.) எனக்கு முன்னால் ஒருவர் காய்கறிக் கூடையில் வெள்ளை வாத்து ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். அதன் இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.

"என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார் கம்பவுண்டர்.

அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"உங்களுக்கு இல்லைங்க, வாத்துக்கு."

வரிசையே சிரித்தது. நானும்தான். நான் பார்த்தது அவ்வளவுதான், மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "அன்று காலையிலிருந்தே மழை" — வேண்டாம். மழையில் தொடங்கி எனக்கே அலுத்துவிட்டது.

இரண்டாவது: "தனிமை என்பது ஒரு" — ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்தும் பிடிபடவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

3

அவர் பல் கட்டுகிறவர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு செய்து, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் அடுத்தவர் வாயால் பிழைக்கிறவர். நாள் முழுக்க மெஷின் இரைச்சல், மூக்கில் அச்சு மாவின் தூள். அங்கே பேச ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. சேர்த்து வைத்த பேச்செல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு வாத்திடம்தான்.

பேசித்தான் ஆக வேண்டும். கண் தெரியாத பறவையைச் சொல்லாமல் தொட்டால், பருந்து தூக்கிவிட்டது என்று பதறிப் போய்ச் சுவரில் மோதும். அதனால், "இங்கதாண்டி இருக்கேன், அம்மாடி" என்று குரல் கொடுத்த பிறகுதான் கையை நீட்டுவார். அம்மாடி கழுத்தை நீட்டிக்கொண்டு, ஆடி ஆடி வந்து, அவர் பாதத்தில் மார்பைச் சாய்க்கும். பிறகு ஓயாத பேச்சுதான்: "நாற்காலியை நகர்த்திட்டேன், இடிச்சுக்காத." "இன்னைக்கு ஒரு பெரியவருக்கு முன்பல்லு ரெண்டு. இனிமே சிரிச்சா நல்லா இருப்பாரு."

[இங்கே அவர் மனைவியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பிரிந்து போனாளா, இறந்து போனாளா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. வீட்டில் ஒரே ஒரு சாப்பாட்டுத் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.]

4

அவருக்குத் தொண்டையில் சதை வளர்ந்து ஆபரேஷன் ஆனது. "புண் ஆறுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது. மீறினா குரலே போயிடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன்பே "இங்கதாண்டி இருக்கேன், அம்மாடி" என்ற அந்த ஒரு வரியைத் தன் போனில் பதிந்து வைத்திருந்தார். சட்டைப் பையில் போட்டு ஒலிக்கவிட்டால் அம்மாடி வந்தது, தின்றது. கெட்டிக்காரத்தனம்தான். அதோடு நின்றிருக்கலாம். பாவம், பகலில் தனியாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, வேலைக்குப் போகும்போது போனை அலமாரியில் வைத்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் போனார்.

பகலெல்லாம் அந்தக் குரல் "இங்கதாண்டி இருக்கேன்" என்றது. அம்மாடி போய்ப் போய்ப் பார்த்தது. பாதம் இல்லை, கை இல்லை, தண்ணீர் இல்லை. சில நாட்களில் அது அந்தக் குரலை நம்புவதை விட்டுவிட்டது. அவர் பையிலிருந்தே ஒலித்தாலும் இப்போது வருவதில்லை. மூலையில் அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தீனியையும் தொடவில்லை. துண்டைப் போட்டு அமுக்கித்தான் அவரால் கூடையில் வைக்க முடிந்தது.

கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உடம்புல ஒண்ணும் கோளாறு இல்லை. ஆனா இப்படியே பட்டினி கிடந்தா தாங்காது. பழகினவங்க பேசிப் பேசித்தான் ஊட்டணும்."

5

வீட்டுக்கு வந்ததும் அவருடைய அக்காவிடமிருந்து போன். "நீ பேசாத. ஆமான்னா போனை ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. சாப்பிட்டியா?"

ஒரு தட்டு.

"பொய் சொல்லாத."

தட்டு ஒன்றும் இல்லை.

"வாத்துக்காக வாயைத் திறந்து கிறந்து வைக்காதடா. அது செத்துப் போனா வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

இரண்டு தட்டு, கொஞ்சம் பலமாக.

"அது என்ன, உன் கூடப் பொறந்ததா?"

அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவும் வைக்கவில்லை.

6

முடிவு ஒன்று: அவர் பேசிவிடுகிறார். வாத்து தின்கிறது, குரல் போய்விடுகிறது. சரி, நாளைக்கு அது எதைக் கேட்டு வரும்?

முடிவு இரண்டு: அவர் வாய் திறக்கவில்லை. புண் ஆறுகிறது. நல்ல குரலோடு காலி மூலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். இதை எழுதியதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

முடிவு மூன்று: அக்காவுக்குத் தட்டியதுபோல் தரையில் தட்டிப் பார்க்கிறார். அம்மாடி தலையைத் தூக்குகிறது. ஆனால் வரவில்லை. வரவைத்திருக்கலாம், கதை என் கையில்தானே இருக்கிறது. ஆனால் ஒரு குரலிடம் ஏமாந்த பிறவி, இன்னொரு சத்தத்தை உடனே நம்பிவிடுமா? எனக்கே நாளாகும்.

7

ஆகவே அவர் இப்போது தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையெட்டும் தூரத்தில் வாத்து, நடுவே ஊறிய தீனி. அவர் உதடு பிரியப் போகிறது. இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன்.

அவர் பேசக்கூடாது. எனக்கு எழுத மட்டும்தான் தெரியும், எழுத்து எந்த வாத்துக்கும் கேட்காது. மிச்சம் இருப்பது நீங்கள். இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல்தான் படித்திருப்பீர்கள். ஏதாவது ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிந்து வைத்த வரி மட்டும் வேண்டாம், அது இனி செல்லாது. பக்கத்தில் யாராவது இருந்து என்னவென்று கேட்டால், வாத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் இல்லையென்றால் கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.